கிளிநொச்சியில் நிற்கும் 650 சீசீ க்ரூசரை வாங்க ஏன் ஆள் வரவில்லை?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்பு 650 சீசீ க்ரூசர் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக எடுத்தீர்கள். ஓடியது இரண்டாயிரம் கிலோமீற்றர் சொச்சம். விசா வந்துவிட்டது, இரண்டு மாதத்துக்குள் விற்றுவிட்டுப் போக வேண்டும். விளம்பரம் போட்டு ஆறு கிழமை ஆகியும் வந்ததெல்லாம் அரை விலைக்குக் கேட்ட அழைப்புகள். இப்போது விசுவமடுப் பக்கத்தில் ஒருவர் பாதிக் காசை இப்போது தருகிறேன், மீதியைக் காலபோக நெல் அறுவடை முடியத் தருகிறேன், ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் போடாத படிவத்தில், தந்தால் போதும் என்கிறார். விலையைக் குறைப்பதா, இவருக்கே கொடுத்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். என் பார்வையில் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வண்டிக்கு ஏன் ஆள் வரவில்லை என்பது ஒன்று. அவசரத்தில் விற்கும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரியது. அதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: விலையில் விட்டுக்கொடுக்கலாம், பேப்பரில் கூடாது.

வவுனியாவில் நீண்டகாலமாக மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன், வாங்கல் விற்றலும் பக்கத்தில் நடக்கும். அந்தப் பழக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். சட்ட விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் மாவட்டக் கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டணமும் கேட்கும் ஆவணங்களும் அவ்வப்போது மாறும்.

முதலில் விலை. உங்கள் வண்டியைப் பார்க்காமல் இத்தனை லட்சம் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபாய் விழுந்தது. அந்த ஆண்டுகளில் ஓடிய வண்டியை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எங்கள் எல்லோருடைய ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வாகனம் என்றால் விலை ஏறும் பொருள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. 2025 பெப்ரவரியில் இருந்து தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களும் மறுபடி வரத் தொடங்கின. வரி கடுமைதான், ஆனாலும் ஷோரூமில் புதியது கிடைக்கிறது. வாங்க வருபவர் இன்று உங்கள் வண்டியை ஒப்பிடுவது அந்தப் புதிய வண்டியோடு. நம்பர் தகடு ஏறிய நாளிலேயே உங்களுடையது செகண்ட் ஹாண்ட். இரண்டாயிரம் கிலோமீற்றரா இருபதாயிரமா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இதே மொடலுக்கு, பதிவுச் செலவு உட்பட ரோட்டில் ஏறும் இன்றைய விலையை ஷோரூமில் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் அன்று கொடுத்த விலை இப்போது யாருக்கும் தேவையில்லாத தகவல். பிறகு இணையத்தில் இதே மாதிரி வண்டிகளின் விளம்பரங்களை ஒரு கிழமை தினமும் பாருங்கள். போட்ட விலையைப் பார்ப்பதோடு நிற்காமல் எது காணாமல் போகிறது, எது அப்படியே கிடக்கிறது என்று கவனியுங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் விலை, விற்பவர் விரும்பும் விலை மட்டும்தான். புதியதை விட்டு உங்களிடம் வருபவர் முதல் உரிமையாளர் என்ற பேரை இழக்கிறார், உத்தரவாதக் காலத்தில் ஒரு பங்கை இழக்கிறார், லீசிங் போடப் போனால் கொம்பனி தன் கணக்குக்கு மதிப்பிட்டுக் குறைத்துத்தான் கொடுக்கும், மீதியைக் கையில் இருந்து போட வேண்டும். இவை மூன்றுக்கும் ஈடாக ஒரு தொகை புதிய விலையில் இருந்து இறங்க வேண்டும். அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தால் அவர் ஷோரூமுக்கே போவார், அது நியாயமும்தான். அரை விலைக்குக் கேட்பவர்களை வைத்து மனம் உடைய வேண்டாம். அவர்கள் எந்த வண்டிக்கும் அரை விலைதான் கேட்பார்கள்.

விலை சரியாக இருந்தாலும் உங்கள் பக்கத்தில் ஆள் குறைவு என்பது உண்மை. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ ஒருவர் மோட்டார் சைக்கிள் தேடுகிறார் என்றால் வயலுக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்ற, உர மூட்டை கட்டத்தான். அதற்கு நூறு, நூற்றுப் பத்துக் கிலோ வண்டி வேண்டும். உங்களுடையது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம், தரையில் இருந்து உயரம் குறைவு. ஏ9, ஏ35 பெருவீதிகளில் அருமையாக ஓடும். உள்ளே கிரவல் ரோட்டில் மதகு ஏறி இறங்கும்போது அடிவயிறு உரசும். பெரிய வண்டிக்கென்றே இருப்பது போலத் தெரியும் அதிவேகப் பாதைகளில் இந்த நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. அதனால் இதை வாங்குபவர் தேவைக்காக வாங்குபவரில்லை, ஆசைக்காக வாங்குபவர். அப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாண நகரத்தில் சிலர், வவுனியாவில் சிலர், அதிகம் பேர் கொழும்பு, நீர்கொழும்பு, கண்டிப் பக்கம். உங்கள் விளம்பரம் தமிழில் மட்டும், அதுவும் ஊர்க் குழுக்களில் மட்டும் இருந்தால் அவர்கள் கண்ணில் படாது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, இக்மன் போன்ற இணைய விற்பனைத் தளங்களிலும் பெரிய பைக் ஓடுபவர்களின் முகநூல் குழுக்களிலும் போடுங்கள். அவர்களில் யாராவது வர விரும்பினால் வவுனியா வரை நீங்கள் கொண்டுவந்து காட்டத் தயார் என்று எழுதுங்கள். கொழும்பில் இருந்து கிளிநொச்சிக்கு வர யோசிப்பவர் வவுனியாவுக்கு வருவார். காலையில் புறப்பட்டு, பார்த்துவிட்டு, இரவுக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம் அவருக்கு இருக்கும்.

எட்டு மாத வண்டியைப் பார்க்க வருபவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இவன் ஏன் இதை விற்கிறான்? பத்து வருட வண்டிக்கு இந்தக் கேள்வி வராது. புத்தம் புது வண்டி என்றால் விழுந்ததோ, எஞ்சினில் கோளாறோ, தவணை கட்ட முடியாமல் பினான்ஸ்காரர் தேடுகிறாரோ, ஏதாவது வழக்கில் மாட்டியதோ என்று பயம். நீங்கள் விசா வந்த விஷயத்தை விளம்பரத்தில் எழுதவில்லை. அவசரம் தெரிந்தால் விலையைக் குறைப்பார்கள் என்று மறைத்திருப்பீர்கள். கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள், உண்மை. ஆனால் காரணம் தெரியாத வண்டிக்கு ஆளே வராது. முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு அந்தச் சொல்லுக்குச் சாட்சியாக எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள்: ஷோரூம் பில், சர்வீஸ் புத்தகம், இரண்டு திறப்பு, வண்டியோடு வந்த கருவிப் பை. இரண்டாவது திறப்பு இல்லாவிட்டால் அதை முதலே சொல்லுங்கள். வந்தவர் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்ற நிலை வந்தால் மற்ற எல்லாப் பதில்களையும் அவர் சந்தேகிப்பார்.

இனி வண்டி. உங்கள் படங்களைப் பார்த்தேன். இரணைமடுக் குளக்கட்டில் மாலை வெயிலில் எடுத்தவை, அழகாக இருக்கின்றன. வாங்குபவருக்கு வேண்டியவை அதில் ஒன்றும் இல்லை. திறப்பைப் போட்டு மீற்றர் எரியும்போது ஒன்று, இரண்டு ரயரின் பல், செயினும் பின் பற்சக்கரமும், முன் டிஸ்க், எஞ்சினின் அடிப்பக்கம் என்று நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். முக்கியமாக நான்கு இடம்: கைப்பிடியின் நுனி, பிறேக் கிளச் லீவர்களின் நுனி, கால் வைக்கும் கட்டையின் ஓரம், கண்ணாடியின் விளிம்பு. வண்டி விழுந்ததா என்று பார்க்கத் தெரிந்தவன் முதலில் குனிவது அங்கேதான். எங்கள் மணல் முற்றங்களில் 240 கிலோ வண்டியைப் பக்கத்துக் கட்டையில் விட்டால், மழை பெய்த இரவில் கட்டை மெல்ல உள்ளே இறங்கி, விடியும்போது வண்டி படுத்திருக்கும். ஓடாமலே விழுந்த இப்படிப்பட்ட வண்டிகள் கராஜுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உங்களுடையதும் அப்படி ஒரு பக்கம் விழுந்திருந்தால் லீவரை மாற்றி, நுனியில் கறுப்பு மை பூசி மறைக்க வேண்டாம். உரசலைக் கிட்டத்தில் படமெடுத்து, நின்ற இடத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். ஓட்டத்தில் விழுந்த கீறல் ஒரே திசையில் நீளமாக இழுபட்டிருக்கும், நின்று விழுந்தது ஓரிடத்தில் நசுங்கியிருக்கும், தெரிந்தவருக்கு வித்தியாசம் புரியும். விற்று முடியும் வரை கட்டைக்குக் கீழே ஒரு தட்டைப் பலகையை வையுங்கள்.

நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிடக் கெதியாகக் கெடும். இது என் தொழிலில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. பற்றரி இறங்கும், செயின் துருப்பிடிக்கும், தாங்கிக்குள் பாதி பெற்றோலும் பாதிக் காற்றுமாக இருந்தால் ஈரம் சேரும். இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதால் பற்றரிக்கு நன்மை இல்லை, எடுத்த சக்தியைக்கூட அது திருப்பிப் பெறாது. கிழமைக்கு ஒரு தடவையாவது முறிகண்டி வரை போய்த் திரும்புங்கள், பிள்ளையாரையும் கும்பிட்டுவிடலாம். தாங்கியை நிரப்பியே வையுங்கள். சர்வீஸுக்குக் கிலோமீற்றர் வராவிட்டாலும் காலக்கணக்கு வந்திருந்தால் செய்துவிட்டுப் புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள். உத்தரவாதம் பற்றிப் பேசும் உரிமையே அந்த முத்திரையில்தான் இருக்கிறது. சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றியிருக்கிறீர்கள் என்று படத்தில் தெரிகிறது. பழையதைத் திரும்பப் பூட்டுங்கள். நீங்கள் போட்ட காசு விலையில் வராது, வழியில் பொலிஸ் மறித்தால் வாங்க வந்தவர் முன்னால் வெட்கக்கேடு. வேண்டுமென்றால் அதைத் தனியாக விற்கலாம். கழுவிக் கொடுக்கும்போது ரயருக்கு மினுக்க எண்ணெய் பூசவே வேண்டாம். அது ஓடும் பக்கத்துக்கு வழிந்து வழுக்கும், பாரமான வண்டியில் ஆபத்து. ஆள் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். பழக்கமானவர் வந்ததும் எஞ்சினில் கையை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்த எஞ்சின் ஒரே அமுக்கலில் பிடிப்பதை அவர் கண்ணால் காண்பது நூறு வார்த்தைக்குச் சமன்.

ஓடிப் பார்க்கக் கேட்டால் கொடுங்கள், ஆனால் ஒழுங்கோடு. எங்கள் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்பது 100 சீசீ வரைக்கும்தான். அதற்கு மேல் ஓட ஏ வகுப்பு வேண்டும். பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். வகுப்பு இல்லாதவர் ஓடி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். பேசிய தொகையைக் கொண்டுவந்தவர் என்றால் அதை உங்கள் ஆள் ஒருவரிடம் வைத்துவிட்டு ஓடட்டும். இல்லாவிட்டால் நீங்கள் பின்னால் ஏறுங்கள். வந்த வாகனத்தை விட்டுவிட்டுப் போகிறேன் என்பவரின் வாகனம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. பெரிய வண்டி ஓடிப் பழகாதவர் திரும்பும் இடத்தில்தான் கீழே போடுவார். சந்தி நெரிசலில் விடாமல், பரந்தன் தாண்டி ஆனையிறவுப் பக்கம் நேர் ரோட்டில் விடுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஓப்பன் பேப்பர் என்றால் உரிமை மாற்றப் படிவங்களில் திகதியும் வாங்குபவர் பெயரும் போடாமல் நீங்கள் கையெழுத்து வைத்துக் கொடுப்பது. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. நாடு முழுக்க நடக்கிறது, எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் ஆபத்து குறையாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உரிமையாளர் நீங்கள்தான். அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனாலும், கஞ்சா கடத்திப் பிடிபட்டாலும் பொலிஸ் முதலில் வந்து தட்டுவது கிளிநொச்சியில் உங்கள் அம்மா இருக்கும் வீட்டுக் கதவை. நீங்கள் அப்போது வேறு நாட்டில் இருப்பீர்கள். அங்கே உங்கள் வதிவிட அனுமதி இன்னும் உறுதியாகாத காலத்தில், இங்கே ஒரு வழக்கில் உங்கள் பெயர் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் என் பதில் இதுவே. அவர் நல்லவராக இருக்கலாம், அவரிடம் வாங்கும் மூன்றாம் ஆளை உங்களுக்குத் தெரியாது.

முறையாகச் செய்வது கடினமும் இல்லை. வாங்குபவர் தன் பெயருக்குப் பதியக் கொடுப்பது எம்.ரி.ஏ. 6 படிவம், விற்பவர் கொடுப்பது எம்.ரி.ஏ. 8. இரண்டையும் திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டு ஒரே இருப்பில் நிரப்புங்கள். எட்டாம் படிவத்தை 14 நாட்களுக்குள் நீங்களே பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கியவர் சோம்பல்பட்டாலும் இன்ன நாளில் இன்னாருக்குக் கைமாறியது என்பதற்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். தனியாக ஒரு விற்பனைக் கடிதமும் எழுதுங்கள்: எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், மீற்றர் அளவு, தொகை, கொடுத்த திகதி, நேரம், இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. நேரம் ஏன் என்றால் காலையில் விற்ற வண்டி மாலையில் விபத்தில் சிக்கலாம். இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் உரிமை மாறியதை எழுத்தில் அறிவியுங்கள். வண்டி லீசிங்கில் எடுத்தது என்றால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அந்தக் கொம்பனியின் பெயர் பூரண உரிமையாளராக இருக்கும். கடனை முடித்து, அவர்கள் பெயரை நீக்கும் கடிதம் கையில் வரும் வரை இதில் எதையும் தொடங்க முடியாது. அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே இந்தக் கிழமையே போங்கள்.

அறுவடைக்குப் பிறகு மீதி என்ற பேச்சு பற்றி. வன்னியில் காசு கையில் புழங்குவது தை கடைசியில் இருந்து பங்குனி வரைதான். அந்த மனிதர் ஏமாற்றத்தான் பேசுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை வெள்ளம் வந்தாலோ நெல் விலை விழுந்தாலோ அவர் முதலில் கட்டுவது உரக்கடைக் கடனும் வங்கித் தவணையும். உங்கள் மீதி கடைசி. வண்டி அவரிடம், நீங்கள் வெளிநாட்டில், கேட்கப் போவது உங்கள் அப்பா. அவருக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் ஒரு சிறு முற்பணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முழுக்காசு வரும் வரை வண்டி உங்கள் வீட்டில் நிற்கட்டும். அதற்கிடையில் வேறு ஆள் முழுக்காசோடு வந்தால் முற்பணத்தைத் திருப்பித் தருவேன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

காசு வாங்குவது வங்கிக்குள் நடக்கட்டும். வட்ஸ்அப்பில் வந்த சிலிப் காசு இல்லை, காசோலையும் மாறும் வரை காசு இல்லை. வேலை நாளில், மதியத்துக்கு முன், உங்கள் கணக்குள்ள கிளைக்கு இருவரும் போய், அவர் கட்டி உங்கள் கணக்கில் ஏறியதைக் கவுண்டரில் கேட்டு உறுதி செய்தபின் திறப்பைக் கொடுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணிச் சரிபார்க்கும் பொறுப்பும் வங்கியோடு போய்விடும்.

காசுக்குப் பதில் வேறு வண்டியை மாற்றாகத் தருகிறேன் என்பவர்களை நீங்கள் உடனே வெட்டிவிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு வேறு எண்ணம், இது உறுதியான விதி இல்லை, அனுபவக் கணிப்பு. நல்ல பேப்பரோடு ஒரு லான்ட்மாஸ்டரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) மீதிக்குக் காசும் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் யோசித்துப் பாருங்கள். உங்கள் க்ரூசரைத் தேடி வன்னியில் வருபவர் விரல் விட்டு எண்ணும் அளவு. லான்ட்மாஸ்டர், டியோ ஸ்கூட்டர், சிடி நூறு மோட்டார் சைக்கிள் இவற்றுக்கு ஆள் எப்போதும் உண்டு, விதைப்புக் காலத்தில் லான்ட்மாஸ்டருக்கு இன்னும் அதிகம். அதன் விலையை உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டுவிட்டு, அதன் புத்தகமும் தந்தவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அவரே ஓப்பன் பேப்பரில் வைத்திருந்தால் வேண்டாம்.

இரண்டு மாதத்துக்குள் நடக்காவிட்டால் இரண்டு வழி இருக்கிறது. வாகன சேலில், அதாவது வாகனம் வாங்கி விற்கும் கடையில், கொடுத்தால் உடனே காசு, ஆனால் கணிசமாகக் குறைப்பார்கள். இப்படியான வண்டியில் அவர்கள் போட்ட முதல் மாதக்கணக்கில் முடங்கும் என்பதால் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. சேல்காரரும் ஓப்பன் பேப்பர்தான் கேட்பார், அங்கும் எட்டாம் படிவத்தைச் சேலின் பெயரிலோ அதன் உரிமையாளர் பெயரிலோ நிரப்பச் சொல்லுங்கள். மற்றது, போவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் போய் உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த வண்டியை விற்பதற்கு மட்டும் என்று அற்றோர்னித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பது. என் விருப்பம் இரண்டாவதே, வீட்டில் வண்டியைக் கிழமைக்கொருமுறை ஓட ஏ வகுப்பு உள்ள ஒருவர் இருந்தால். அப்படி யாரும் இல்லை என்றால் சேலில் கொடுத்துவிடுங்கள். ஒரு மாரி முழுக்கத் தறப்பாளின் கீழ் நின்ற வண்டி அடுத்த மாசியில் சேல்காரர் இன்று சொல்லும் விலைக்கும் போகாது.

புதுப் படங்களை எடுத்ததும் இங்கேயே போடுங்கள், ஷோரூமில் தந்த இன்றைய விலையையும் சொல்லுங்கள். எந்த விலையில் தொடங்கலாம், எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று அப்போது சொல்கிறேன். நம்பர் தகட்டையும் சேசிஸ் இலக்கத்தையும் புத்தகத்தில் உள்ள முகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.